அம்மா காருக்குக் கயிறு வேண்டாம்

நண்பர் ஓட்டிய ஜீப்பில் வந்து இறங்கிய பெரியப்பா, வந்ததும் வராததுமாகக் கயிற்றை எடுத்தார். சிறுமி வாலு ஓடிப்போய்க் கொட்டகை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

அம்மா ஓட்டிய கார், அவள் இறந்ததிலிருந்து அந்தக் கொட்டகையில் சும்மாவே நின்றது. அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. அதன் பக்கம் போகவும் அவரால் முடியவில்லை. அதனால் பெரியப்பாவே எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. ஆனால் சாவியைத் திருகினால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும்தான் வந்தது.

“பேட்டரி செத்துப்போச்சு. கட்டி இழுத்துட்டுப் போயிடலாம்,” என்றார் பெரியப்பா.

“சாகல! சார்ஜ் இறங்கியிருக்கு, அவ்வளவுதான். அம்மா காரை இழுத்துட்டுப் போகாதீங்க பெரியப்பா. அது தானா ஓடிப் போகட்டும்.”

பெரியப்பா எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்பவர். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கயிற்றைக் கீழே போட்டார். ஜீப்பிலிருந்து பேட்டரித் தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்தார்.

“என்னடா இது, பேட்டரியில மூடியே காணோம்?” ஸ்க்ரூ டிரைவரால் நெம்பப் பார்த்தார்.

“ஐயோ, திறக்காதீங்க! இது ஜெல் பேட்டரி. உள்ள பசை மாதிரி இருக்கும். தண்ணியே ஊத்தக் கூடாது.”

சரி என்று கொட்டகையில் இருந்த சார்ஜரை மாட்டி, பொத்தானை ‘வேகம்’ பக்கம் தள்ளப் போனார். வாலு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேகமா ஏத்தினா பசைக்குள்ள குமிழி விழும். அப்புறம் அது மூடவே மூடாது. பொத்தானை ‘ஜெல்’லுலதான் வைக்கணும்.”

“யாரு சொன்னா?”

“அம்மா.”

பெரியப்பா பொத்தானை ‘ஜெல்’ பக்கம் தள்ளினார். கொஞ்ச நேரம் கழித்து, “இது ஏறி முடியறதுக்குள்ள எனக்குத் தாடி வளந்துடும் போல,” என்று மட்டும் முனகினார்.

வாலு நகரவே இல்லை. பேட்டரி சுடுகிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்த்தாள். இடையிடையே அழுதாள்.

சாயங்காலம் சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. பெரியப்பா சாவியைத் திருகியதும் கார் உறுமிக் கிளம்பியது. அந்தச் சத்தம் கேட்டு, மூடிய அறையிலிருந்து அப்பா ஓடி வந்தார். அவர் முகம் ஒரு கணம் மலர்ந்து, அப்படியே வாடியது.

வாலு கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். “ரொம்ப நாள் சும்மா நிறுத்தி வைக்காதீங்க பெரியப்பா. தனியா விட்டா இறங்கிடும்.”

பெரியப்பா தலையாட்டினார். நண்பரின் ஜீப் முன்னால் போக, அம்மாவின் கார் பின்னாலேயே ஓடி, தெருமுனையில் திரும்பி மறைந்தது.

அப்பா வாசற்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“உள்ள போகலாமாப்பா?”

“கொஞ்ச நேரம் இருப்போம். அவசரம் ஒண்ணும் இல்ல.”

அம்மா போன பிறகு இருவரும் சேர்ந்து அழுதது அன்றுதான்.