கரை நாள் சலுகை

கப்பல் படியில் ஏறும்போதே தங்கை ஆரம்பித்துவிட்டாள். மேல் தளத்தில் ஸ்பா இருக்கிறதாம். ஐம்பது நிமிடம் உடம்பு பிடித்துவிட அவர்கள் கேட்கிற காசு தகுமா தகாதா என்று அக்காதான் சொல்ல வேண்டுமாம். ஊருக்கெல்லாம் முதுகு பிடித்துவிடுகிற பார்லர்க்காரி பக்கத்திலேயே இருக்கும்போது வேறு யாரிடம் போய்க் கேட்பது?

அக்கா சிரித்துச் சமாளித்தாள்.

இரண்டு நாற்காலி, திரை போட்ட ஒரு கட்டில், அவ்வளவுதான் அவள் பார்லர். இருபத்திரண்டு வருடமாக அதற்குள் நின்றே காலில் நரம்பு சுருண்டுவிட்டது. தங்கையின் கணவருக்குக் கடைசி நேரத்தில் லீவு கிடைக்காமல் போகவே, டிக்கெட் வீணாகக் கூடாதென்று தங்கை அவளைக் கூப்பிட்டாள். அக்கா லேசில் மசிய மாட்டாள் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் கப்பலின் பெயரைக் கேட்டதும் அக்கா, வருகிறேன் என்றாள்.

காரணம் தங்கைக்குத் தெரியாது. இந்தக் கப்பலின் ஸ்பாவில்தான் பஞ்சு வேலை பார்த்தாள்.

பஞ்சு என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். எலும்பே இல்லாத மாதிரி அப்படி ஒரு கை. அக்காவிடம் நான்கு வருடம் இருந்தாள். தொழில் பழகியதெல்லாம் அக்காவின் முதுகில்தான். வலது கட்டைவிரலில் அவளுக்குப் பலம் போதாது. அதனால் ஆள்காட்டி விரலை மடக்கி முட்டியால் அழுத்துவாள். தொடங்குமுன் இரண்டு உள்ளங்கையையும் முதுகில் வைத்து மூன்று மூச்சு சும்மா இருப்பாள். கைச் சூடு உடம்புக்குப் பழக வேண்டும் என்பாள். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகக் கண்டுபிடித்தது.

கப்பல் வேலைக்குப் போகச் சொன்னதே அக்காதான். சிபாரிசுக் கடிதமும் அவள் கையெழுத்தில்தான் போனது. மூன்றாவது மாதம் ஒருநாள் பஞ்சு போன் செய்தாள். ஒரு நாளைக்குப் பதினோரு பேராம். சாப்பாட்டை வாய்க்குக் கொண்டுபோகக்கூடக் கை எழும்பவில்லையாம். வந்துவிடட்டுமா என்று கேட்டாள். பார்லரில் அப்போது ஒருத்திக்குத் தலையில் சாயம் காய்ந்துகொண்டிருந்தது. பாதியில் வந்தால் வம்பு, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஐந்து மாதம் ஓட்டிவிடு என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள்.

இரண்டு நாளில், பஞ்சு கடலில் விழுந்துவிட்டதாகத் தகவல் வந்தது. உடல் கிடைக்கவில்லை.

அந்த போனைப் பற்றி அக்கா இந்த ஒன்றரை வருடமாக யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்தப் பெண் நின்று வேலை செய்த இடத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் வந்தாள். வேறு எதையும் அவள் எதிர்பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றது. கரை நாளில் எல்லோரும் ஊர் பார்க்க இறங்கிவிடுவதால் ஸ்பாவில் பாதி விலை. போனில் மற்றவர்கள் எழுதியிருந்ததைத் தங்கை ஒன்றுவிடாமல் படித்துக் காட்டினாள். கடற்பாசிப் பூச்சு தண்டம் என்று பலர் எழுதியிருந்தார்கள். முகத்துக்குப் போடுகிறேன் என்று சொல்லி டப்பா டப்பாவாக க்ரீமைத் தலையில் கட்டிவிடுவார்கள், உஷார் என்று ஒருத்தர். ஆனால் முதுகு பிடித்துவிடுவதைப் பற்றி நாலைந்து பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்.

ஆறாம் நம்பர் அறை கிடைத்தால் விடாதீர்கள்.

தங்கை பஸ்ஸில் ஊர் சுற்றப் போனாள். பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு அக்கா ஸ்பாவுக்குப் போனாள்.

நடை முழுக்கக் கம்பளம். காலடிச் சத்தம் காதில் விழாது. எலுமிச்சைப் புல் எண்ணெயின் வாசனை மூக்கை நிறைத்தது. வரவேற்ற தெரபிஸ்டுக்கு முப்பது வயதிருக்கும். இரண்டு மணிக்கட்டிலும் தோல் நிறத்தில் பட்டை சுற்றியிருந்தாள். கட்டைவிரலின் அடி வீங்கியிருப்பதை அக்கா பார்த்த பார்வையிலேயே கண்டுகொண்டாள். தொழில்காரக் கண்.

ஆறாம் அறையில் ஜன்னல் இல்லை. சுவருக்குள் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம். எண்ணெய் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. நனைந்த கயிற்றை மூட்டை கட்டி வைத்தால் வருமே, அந்த வாசனை.

அக்கா குப்புறப் படுத்து, மேசையின் தலைப்பக்கத்து ஓட்டையில் முகத்தைப் பொருத்தினாள். கீழே தரை மட்டும் தெரிந்தது. தெரபிஸ்டின் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ அங்குமிங்கும் போயிற்று.

முதல் ஐந்து நிமிடம் சாதாரணமாகத்தான் இருந்தது. பாவம், கையில் தெம்பில்லை. விரல் வேலை செய்ய வேண்டிய இடத்தில் முழங்கையைப் போட்டு ஒப்பேற்றுகிறாள். கொடுத்த காசில் கால்வாசிகூடத் தேறாது என்று அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டாள்.

பிறகு வெள்ளை ஷூ விலகியது. கதவு திறந்து, சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

துண்டு எடுக்கப் போயிருப்பாள் என்று அக்கா நினைத்தாள்.

இரண்டு உள்ளங்கைகள் அவள் முதுகில் வந்து அமர்ந்தன.

சில்லென்று இருந்தன. அசையவில்லை.

ஒரு மூச்சு.

இரண்டு.

மூன்று.

அப்புறம் முதுகெலும்பின் ஓரமாக ஒரு முட்டி இறங்கியது. மடக்கிய ஆள்காட்டி விரலின் முட்டி. தோள்பட்டை எலும்புக்கு அடியில் வருடக்கணக்காக இறுகிக் கிடந்த இடத்தை நேராகப் போய்ப் பிடித்து, அழுத்தி, அவிழ்த்தது. அந்த இடம் இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

அக்கா கண்ணை மூட நினைத்தாள். மூட வரவில்லை.

ஓட்டைக்கு நேர் கீழே இரண்டு பாதங்கள் நின்றன.

வெறும் பாதங்கள். வெகுநாள் தண்ணீரில் கிடந்த மாதிரி வெளுத்து, சுருங்கி, விரல் நுனிகள் உப்பியிருந்தன. வெள்ளைக் கால்சட்டையின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"பஞ்சு..."

கைகள் நின்றன. சுவருக்குள் ஓடிய தண்ணீரும் நின்றது போல் இருந்தது. பிறகு காதுக்கு மிகப் பக்கத்தில், தொண்டை கரகரக்க, ஒரு குரல்.

"பேசாம படுங்கக்கா. நேரம் ஆகுது. அடுத்தவங்க வந்துடுவாங்க."

கைகள் மறுபடி வேலையைத் தொடங்கின.

நாற்பது நிமிடம். அக்கா அழுதாள். கண்ணீர் ஓட்டை வழியாக அந்தப் பாதங்களின் மேல் விழுந்தது. பாதங்கள் நகரவில்லை. உடம்போ, வெட்கமில்லாமல், ஒவ்வொரு கட்டாக அவிழ்ந்து கொடுத்தது. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் போயிற்று. இவ்வளவு சுகமாக அவள் உடம்பு ஒருநாளும் இருந்ததில்லை.

கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் கைகள் விலகின. வெள்ளை ஷூ வந்து நின்றது. எப்படி இருந்தது மேடம் என்று தெரபிஸ்ட் வழக்கமான குரலில் கேட்டாள்.

அக்கா எழுந்து உட்கார்ந்து அவள் வலது கையைப் பிடித்தாள். பட்டையை விலக்கி, கட்டைவிரலின் அடியில் அளவாக அழுத்தினாள். அந்தப் பெண் பல்லைக் கடித்தாள். அப்புறம் பொலபொலவென்று அழுதுவிட்டாள். எவ்வளவு நேரம் வெளியே இருந்தாய் என்று அக்கா கேட்டாள். நானும் இதே தொழில்தான், என்னிடம் மறைக்காதே என்றாள்.

அவள் மெல்ல மெல்லச் சொன்னாள். போன வருடம் ஒருநாள், எட்டாவது ஆளுக்குச் செய்துகொண்டிருக்கும்போது மயக்கம் வருகிற மாதிரி ஆகி, வெளியே ஓடிப்போய் உட்கார்ந்துவிட்டாளாம். திரும்பி வந்தால் அந்த வாடிக்கையாளர் கண் கலங்கிப்போய், வாழ்நாளில் இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை என்றாராம். அதிலிருந்து ஸ்பாவில் எல்லோருக்கும் தெரியும். ஆறாம் அறையை முறை போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். யாருக்கு அது விழுகிறதோ அவள் ஐந்து நிமிடம் செய்துவிட்டு, துணி வைக்கும் அறையில் போய்க் கையை ஐஸில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மேலே இருப்பவர்களுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறாளாம். இல்லாவிட்டால் அந்த ஒரு அறைக்கு மட்டும் எதற்குக் கூடுதலாக நாலு பேரைப் பதிவு செய்கிறார்கள்?

"நாங்க ஒன்னும் கெடுதல் பண்ணலையே மேடம். அவளாத்தானே செய்யறா" என்றாள்.

"யாருன்னு தெரியுமா உனக்கு?"

தெரபிஸ்ட் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் படுக்கைக்கு மேல் படுக்கையில படுத்திருந்தவ. அன்னிக்கு வேலை முடிஞ்சதும் யார்கிட்டயோ போன் பேசிட்டு வந்தா. அழக்கூட இல்ல. இன்னும் அஞ்சு மாசந்தானாம்னு சொல்லிட்டு, விரலை எண்ணிக்கிட்டே படுத்தா. காலைல பார்த்தா படுக்கை காலி."

அந்த போனில் மறுமுனையில் இருந்தது யார் என்று அக்கா சொல்லவில்லை.

சாயங்காலம் தங்கை திரும்பி வந்து, கொடுத்த காசு தகுமா என்று கேட்டாள். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டே, தகும் என்றாள். முகம் ஏன் இப்படிப் பேயறைந்த மாதிரி இருக்கிறது என்று தங்கை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அக்கா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். தங்கையையும் ஆறாம் அறைக்குப் போகச் சொல்ல மனம் வரவில்லை. வேண்டாம் என்று தடுக்கக் காரணமும் இல்லை. நல்லவேளை, தங்கை நீச்சல் குளத்தைக் கண்டதும் ஸ்பாவை மறந்துபோனாள்.

விடிந்தால் கப்பல், புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பிவிடும் என்ற நிலையில், கடைசி நாள் மதியம் மூன்று மணிக்கு அக்கா ஆறாம் அறையை மறுபடி எடுத்தாள். இந்த முறை முழு விலை. தெரபிஸ்டை வாசலிலேயே நிறுத்தி, ஐம்பது நிமிடமும் வெளியே இரு என்று கேட்டுக்கொண்டாள்.

கதவைச் சாத்தினாள். மேசை மேல் புது விரிப்பு. விளக்கு மங்கலாக இருந்தது. நனைந்த கயிற்று வாசனை அறைக்குள் முன்பே வந்திருந்தது.

அக்கா படுக்கவில்லை. கையைக் கழுவி, எண்ணெயை உள்ளங்கையில் விட்டுச் சூடு பறக்கத் தேய்த்தாள்.

"இன்னிக்கு நீ படு" என்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. கப்பல் லேசாக ஆடியது.

"படும்மா. நான் பார்த்துக்கறேன்."

விரிப்பு மெல்ல அமுங்கியது. முதலில் முழங்கால் பதிகிற அளவுக்கு ஒரு பள்ளம். அப்புறம் இடுப்பு, மார்பு. தலைப்பக்கத்து ஓட்டையிலிருந்து தண்ணீர் ஒவ்வொரு சொட்டாகத் தரையில் விழத் தொடங்கியது.

அக்கா கையை இறக்கினாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கைக்குக் கீழே தோள் இருந்தது. ஐஸ் கட்டியைத் தொட்ட மாதிரி விரல் மரத்தது. மூன்று மூச்சு அப்படியே வைத்திருந்தாள். பிறகு பிடிக்கத் தொடங்கினாள்.

அந்தத் தோள்பட்டையில் கை வைத்ததும் ஆடிப்போனாள். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ முதுகைப் பார்த்திருக்கிறாள், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கழுத்திலிருந்து முழங்கை வரைக்கும் ஒரே முடிச்சு. கருங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. செத்த பிறகும் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

அழுத்திக்கொண்டே பேசினாள். நான் உன்னை வந்துவிடச் சொல்லியிருக்க வேண்டும் என்றாள். பாதியில் வந்தால் வம்பு என்றதெல்லாம் சாக்கு, யோசிக்கச் சோம்பல்பட்டேன் என்றாள். உன் அம்மா வந்து கேட்டபோது, கடைசியாக என்னிடம் பேசவே இல்லை என்று சொல்லிவிட்டேன் என்றாள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

அரை மணி நேரம் கழித்து, இடது தோளில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. கைக்குக் கீழே இருந்த குளிர் கொஞ்சம் விட்டுக்கொடுத்த மாதிரி இருந்தது. நீளமாக ஒரு மூச்சு வெளியேறும் சத்தம் கேட்டது. அக்கா இன்னும் வேகமாக, வியர்வை சொட்டச் சொட்டப் பிடித்தாள்.

"காலைல கரை வந்துடும். என்கூட இறங்கிடு. யாரும் ஒன்னும் கேட்க மாட்டாங்க. வர்றியா?"

கைக்குக் கீழே உடம்பு அசைந்தது. தலையசைத்த மாதிரிதான் அக்காவுக்குத் தோன்றியது.

அந்த நேரத்தில் சுவரில் இருந்த மணி அடித்தது. நேரம் முடிந்ததற்கான மணி. மெல்லிய, இனிமையான சத்தம்.

விரிப்பில் இருந்த பள்ளம் நிமிர்ந்தது.

அக்கா இரண்டு கையாலும் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அது திமிறவில்லை, கோபப்படவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டவர்கள் பிடியை விலக்கிக்கொள்வது போல, பொறுமையாக, எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போனது. கடைசியில் அவள் கையில் மிஞ்சியது எண்ணெயும் குளிரும்தான்.

அக்கா வாசலுக்கு வந்தாள். அவள் கை படுவதற்குள் கதவு திறந்துகொண்டது.

வெளியே வெள்ளை அங்கி போட்ட ஒரு வயதான அம்மாள் காத்திருந்தாள். தெரபிஸ்ட் நாலடி தள்ளி, மணிக்கட்டுகளைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே போகாதீர்கள் என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள்.

அந்த அம்மாள் அக்காவைப் பார்க்கவே இல்லை. அக்காவுக்கு இடப்பக்கம், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அந்தப் பக்கம் நீட்டினாள்.

"பத்திரமா வைம்மா" என்றாள்.

கண்ணாடி அவள் கையை விட்டுப் போயிற்று. தரையில் விழவில்லை.