ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறங்கிய பிரஷர்

பயிற்சி மாணவி பிரியந்தியை வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. எழுதியவர் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியின் மருத்துவ உதவியாளர் முத்துலிங்கம். அவள் பிரஷரைத் தப்பாக அளந்தாளாம். அதை நம்பி இவர் மாத்திரையைக் கூட்டினாராம். கொழுந்து பறிக்கும் அழகம்மா மலையிலேயே மயங்கி விழுந்துவிட்டாளாம். பயிற்சிப் பொறுப்பாளர் யோகேஸ்வரிக்குப் படிக்கும்போதே அலுப்புத் தட்டியது. இந்த மாதத்தில் இது மூன்றாவது விசாரணை, முழங்கால்வலி வேறு உயிரை வாங்கியது. என்ன செய்ய, போகாவிட்டால் அந்தப் பிள்ளையின் படிப்பு மண்ணாகிவிடும்.

“மெஷின்லதான் கோளாறு மிஸ்,” என்றார் வழியில் கதையைக் கேட்ட ஆட்டோக்காரர் அழகன், தலவாக்கலை டவுனைத் தாண்டுவதற்குள். விசாரணை என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

டிஸ்பென்சரியில் யோகேஸ்வரி பதிவேட்டைப் புரட்டினார். வேலை நாட்களில், கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த மத்தியானங்களில், அழகம்மாவுக்கு ஒரு நாள் நூற்று ஐம்பத்தாறு, இன்னொரு நாள் நூற்று அறுபத்திரண்டு. ஞாயிறுகளில் அவளுடைய லயத்து வீட்டில் வைத்து அளந்தபோது நூற்று முப்பத்தாறு. இரண்டும் ஒரே மெஷின், ஒரே பிரியந்தி.

“அப்ப மெஷினும் இல்ல, கையும் இல்ல,” என்ற அழகனின் முகம் தொங்கிப்போனது. “மலை ஏறி இறங்கின களைப்போ?”

“அஞ்சு நிமிஷம் உக்கார வச்சுட்டுத்தான் மிஸ் பாப்பேன். சுவெட்டரையும் கழட்டச் சொல்லுவேன்,” என்றாள் பிரியந்தி.

“இந்தப் பிள்ள உக்கார வச்சுச்சுதான்,” என்றாள் மற்றப் பெண்களோடு பெஞ்சில் காத்திருந்த அழகம்மா. “எனக்குத்தான் இருப்புக் கொள்ளல. முடிஞ்சுச்சா முடிஞ்சுச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

“அப்படி என்ன அவசரம்?”

அழகம்மா முத்துலிங்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். யோகேஸ்வரி மெல்ல எழுந்து கட்டடத்தின் பின்பக்கம் போனார். கக்கூசுக் கதவில் பூட்டுத் தொங்கியது.

“சாவி யார்கிட்ட?” என்றார் திரும்பி வந்து.

“என்கிட்டதான் மிஸ். எல்லாரையும் விட்டா நாறடிச்சிருவாங்க,” என்றார் முத்துலிங்கம்.

“நீங்க கூட்டினது என்ன மாத்திர?”

“ஒண்ணுக்குப் போக வைக்கிற மாத்திர.”

யோகேஸ்வரி அலுப்போடு உட்கார்ந்தார். “காலையில லயத்த விட்டு வந்தவங்க மலையில எங்க போவாங்க? அடக்கிக்கிட்டே வந்து இங்க உக்காருறாங்க. அடக்கினா பிரஷர் ஏறும். ஏறினதுக்கு அந்த மாத்திரையக் குடுத்தீங்க. இன்னும் அடக்குனாங்க, இன்னும் ஏறுச்சு, நீங்களும் இன்னும் கூட்டினீங்க. உடம்புல தண்ணி வத்தி விழுந்துட்டாங்க. ஞாயித்துக்கிழம வீட்டுல அடக்க வேண்டியதில்ல, சரியா காட்டுச்சு.”

அழகன் வாயைப் பிளந்தார். முத்துலிங்கம் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

யோகேஸ்வரி பிரியந்தியிடம் திரும்பினார். அவளையும் சும்மா விட மனம் வரவில்லை. “அளக்க முன்னாடி ஒண்ணுக்குப் போயிட்டு வந்தாச்சான்னு கேக்கணும்னு சொல்லித்தந்தோமே. ஏன் கேக்கல?”

“மொத நாள் கேட்டேன் மிஸ். போகணும்னாங்க,” என்றாள் பிரியந்தி. “எங்க அனுப்புறது? அதுக்கப்புறம் கேக்கவே இல்ல.”

யோகேஸ்வரி முத்துலிங்கத்தின் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“இந்தப் பிள்ள இங்கயேதான் இருக்கும்,” என்றார் முத்துலிங்கத்திடம். “எல்லாருக்கும் இன்னிக்கே திரும்ப அளக்கணும். சாவியக் குடுங்க.”

சாவி கைமாறியது. அழகம்மா எழுந்தாள். அவளோடு காத்திருந்த பதினோரு பெண்களும் எழுந்தார்கள்.