கேட்டைச் சாத்தியது யார்?

கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கேட்டை ஈட்னா திறந்துபோட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். இப்போது அது சாத்தியிருந்தது. பிற்பகல் மூன்று மணிதான். ஆனாலும் சதுப்பு நிலத்துப் பக்கமிருந்து இறங்கிய மூடுபனி மதிலைத் தாண்டி வந்து, அவள் குனிந்து பெயர் குறித்துக்கொண்டிருந்த கற்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது.

வெளியே காரில் கணவன் டோனல். இதய ஆபரேஷன் முடிந்து மூன்றே வாரம். அவனைத் தனியாக விட்டுவர மனமில்லாமல் கூட்டிவந்திருந்தாள்.

"உள்ள இருக்கிறவங்க எங்கயும் ஓடிப்போக மாட்டாங்க, மெதுவா எழுது" என்று கிண்டலடித்துத்தான் அனுப்பினான்.

ஊர் வரலாற்றுப் புத்தகத்துக்கு இந்தக் கடைசிக் கல் ஒன்றுதான் பாக்கி. மார்ட்டின் கிளான்சி, 1953. கடைசியாக வந்த பிணம், அடுத்தது வரும்வரை வாசலில் காவல் நிற்க வேண்டும் என்பது ஊர் நம்பிக்கை. கிளான்சியைப் புதைக்க வந்த அன்று ஒரே நேரத்தில் இரண்டு சவ ஊர்வலங்கள் வந்துவிட்டன. வாசலில் அடிதடி. எதிர்க்கூட்டம் தங்கள் பெட்டியை மதிலுக்கு மேலே தூக்கி உள்ளே தள்ளி முந்திக்கொண்டது. கிளான்சி கடைசியானார். அதோடு அங்கே புதைப்பதையே நிறுத்திவிட்டார்கள். எழுபது வருடமாக அவருக்கு மாற்று ஆள் இல்லை. உள்ளே நின்று உயிரோடிருப்பவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது, அதுவே அவரைக் காவலுக்கு அழைப்பதாகிவிடும் என்பார்கள். இதையெல்லாம் ஈட்னா சிரித்துக்கொண்டேதான் எழுதியிருந்தாள்.

கேட்டை இழுத்தாள். அசையவில்லை. நனைந்த கம்பளிக் கோட்டின் வாடையும் பழைய புகையிலை நெடியும் பின்னாலிருந்து மெல்ல வந்தன. ஈரப் புல்லில் பூட்ஸ் சத்தம். நின்றது. மறுபடி கேட்டது.

பிடரியில் மூச்சு. சில்லென்று.

பயத்தில் மூளை எங்கே வேலை செய்கிறது!

"டோனல்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அப்பாடா!" என்றது கிழட்டுக் குரல், காதோரத்தில். பூட்ஸ் சத்தம் கற்களுக்கிடையே தள்ளித் தள்ளிப் போய் அடங்கியது.

கேட் தானாகத் திறந்தது. ஓடினாள். காரில் டோனல் கண்ணாடியில் தலை சாய்த்திருந்தான்.

"ஏய்... என்னைப் பாரு. ஐயோ, பாருப்பா!"

கை சூடாகத்தான் இருந்தது. மூச்சு இல்லை.

முதுகுக்குப் பின்னால் கேட் கிறீச்சிட்டது. திரும்பினாள். கம்பிகளுக்கு உள்ளே, அதே நீல ஸ்வெட்டரில், டோனல். தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"கூப்பிட்டியே ஈட்னா" என்றான். "எனக்கு மாத்து எப்ப வரும்?"