ஆளில்லாமல் நகர்ந்த கார்

“செத்துப்போன மனுஷர் என் ஆத்துக்காரியை ஏத்திக்க மாட்டேங்கறார், பாய்!”

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கார் பட்டறை வைத்திருக்கும் மதாரிடம் இப்படியும் ஒரு புகார் வருமா? கூட வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் கிங்ஸ்லிக்குச் சிரிப்பு முட்டியது. வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

வந்தவர் ஜெயராம், ஆழ்வார்திருநகரியில் பள்ளி ஆசிரியர். மனைவி ஹம்ஸினிக்கு வாரம் மூன்று நாள் விடியற்காலையில் திருநெல்வேலியில் டயாலிசிஸ். அதற்கென்றே, காலமான ஒருவரின் பழைய ஆட்டோமேட்டிக் காரை வாங்கியிருந்தார். மார்கழி பிறந்ததிலிருந்து விடிகாலையில் இன்ஜின் உறுமுகிறது, கார் அசைவதில்லை. வெயில் ஏறிவிட்டால் சமர்த்தாக ஓடுகிறது. முந்தாநாள், பெருமாளை வேண்டிக்கொள்ள அவர் இறங்கிப் போன நேரத்தில் ஆளே இல்லாமல் தானாக நகர்ந்திருக்கிறது. நிற்கும் இடத்தில் தினமும் சிவப்புச் சொட்டுகள். டிக்கியில் வாங்கும்போதே கிடந்த பாட்டிலிலும் பாதி சிவப்புத் திரவம். செய்வினையோ என்று பயந்து யாரும் தொடவில்லை.

“கியர் ஆயில் பார்த்தீங்களா, சார்?”

“தினமும் கிளப்பறதுக்கு முன்னாடியே பார்த்துடறேன். குச்சியில கோடு வரைக்கும் இருக்கு. அவளோ, ‘செத்தவரே வேண்டாங்கறார், என் காலம் முடிஞ்சுடுத்து’ன்னு சொல்றா. ரெண்டு தடவை போகலை. வாடகைக் காரிலும் ஏறமாட்டேங்கறா.”

“காலையில வாரோம்” என்றார் மதார்.

மறுநாள் விடியலில் ஆற்றங்கரைப் பனி தெருவை மூடியிருந்தது. முகம் வீங்கி, நிலைப்படியைப் பிடித்தபடி நின்றாள் ஹம்ஸினி. காருக்கு ஒரு முழம் முன்னால் இரண்டு செங்கல் வைக்கச் சொன்னார் மதார்.

“தினமும் செய்யுத மாதிரியே செய்யுங்க, சார்.”

ஜெயராம் கியர் ஆயில் அளவுக் குச்சியை உருவிக் காட்டினார். கோடு வரை ஆயில் இருந்தது. இன்ஜினைக் கிளப்பி, கியரை முன்னே ஓட்டும் ‘டி’யில் போட்டார். உறுமல்தான் கேட்டது. இன்ஜினை அணைக்காமல் இறங்கி, வீட்டுக்குள் போய்ப் பெருமாளைக் கும்பிட்டார்.

நான்கு நிமிடம் போயிற்று. ஓட்டுநர் இருக்கையில் யாருமில்லை. கார் ஒரு குலுக்குக் குலுக்கி, பைய முன்னால் நகர்ந்து செங்கலில் முட்டி நின்றது.

“ஏசுவே!” கிங்ஸ்லிக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஹம்ஸினி கண்ணை மூடிக்கொண்டாள்.

மதார் பதறவில்லை. உள்ளே கைவிட்டுக் கியரை வண்டி நிற்கும் ‘பி’க்கு மாற்றி, இன்ஜின் ஓடும்போதே குச்சியை உருவினார். நுனியில்கூட ஆயில் இல்லை.

“இன்ஜின் ஆயிலை நிறுத்தி வச்சுப் பார்ப்போம்லா, சார்? அந்தப் பழக்கத்துல இதையும் பார்த்துட்டீங்க. ராத்திரி நின்னா மேல உள்ள ஆயில் கீழ வடிஞ்சு, நிறைஞ்ச மாதிரி பொய் காட்டும். இந்த வண்டியில சூடான பிறகு, ஓடும்போதுதான் பார்க்கணும்.”

“நம்ம ஊர்க் குளிருக்கா மக்கர் பண்ணும், பாய்?” கிங்ஸ்லி விடவில்லை.

“ஆயிலும் குறைஞ்சு, உள்ள ரப்பரும் இறுகிட்டா இந்தக் குளிரே போதும்லே. சார் கியரைப் போட்டுட்டு சாமி கும்பிடப் போனாரு. அதுக்குள்ள ஆயில் சூடாகி இளகி, கியர் பிடிச்சிருக்கு.”

தரையிலிருந்த சொட்டை வெள்ளைத் துணியில் ஒற்றி ஹம்ஸினியிடம் நீட்டினார். “மோந்து பாருங்கம்மா. இந்த ஆயிலோட நிறமே சிவப்பு.”

“அப்போ அந்த பாட்டில்?” என்றாள் ஹம்ஸினி.

“அதுவும் இதே ஆயில்தான். ஒழுகுதுன்னு முன்னால காரை வச்சிருந்தவருக்குத் தெரிஞ்சிருக்கு. அப்பப்ப ஊத்தி ஓட்டியிருக்காரு. அவரு உங்கள வேண்டாங்கலம்மா. வழிக்கு உதவும்னு வச்சிட்டுல்லா போயிருக்காரு.”

ஹம்ஸினி அழுதுவிட்டாள். மதார் தான் கொண்டுவந்திருந்த புது ஆயிலைக் கோடு பார்த்து ஊற்றினார். சிகிச்சை முடிவதற்குள் பட்டறையில் ஆயில் ஒழுகும் ரப்பர் சீல்களை மாற்றித் தருவதாகச் சொன்னார். ஜெயராம் கியரைப் போட்டதும் கார் உடனே அசைந்தது.

“ஏன்னா, நில்லுங்கோ” என்று படியிறங்கி வந்தாள் ஹம்ஸினி. “அந்த பாட்டில் டிக்கியில உருள வேண்டாம். என்கிட்ட கொடுங்கோ.”

அதை மடியில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.