புன்னையாற்றின் புள்ளிக்கோடு

சாயங்காலம் நாலே முக்காலுக்கு ஏனோக் தன் வீட்டுக் கேட்டைத் திறந்தபோதே அந்த வாடை முகத்தில் அடித்தது. ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் மட்டும் வருகிற, பாசியும் உப்பும் சேர்ந்த வாடை. கடலில்லாத அல்வாலில் அதற்கு என்ன வேலை? இங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார வேண்டும்.

படியில் ஈரமணல் ஒட்டிய கால்தடங்கள். நேற்று வாசலோடு நின்றிருந்தன. இன்று நிலைப்படியைத் தாண்டி, ஹாலுக்குள் மூன்றடி வந்திருந்தன.

வலது சுண்டுவிரல் மட்டும் தரையில் பதியவில்லை.

மகள் பிளெசிக்குப் பிறந்ததிலிருந்தே அந்த விரல் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருக்கும்.

பயம்தான். ஆனால் பயத்தின் அடியில் ஒரு பாழாய்ப்போன ஆசையும் கிடந்தது. நாளைக்கு இன்னும் இரண்டடி வருவாளா?

"மிதிச்சிராதீங்க," என்று சமையலறை வாசலிலிருந்து கிசுகிசுத்தாள் மனைவி ஜெயசுந்தரி. "நான் தொடைக்கல."

மகள் போய் நாளையோடு ஒரு வருடம். கால்தடம் வர ஆரம்பித்து ஒன்பது நாள். ஏன் ஒன்பது நாள் என்பது ஏனோக்குக்கு மட்டும் தெரியும்.

செல்போனில் பார்க்கும் வரைபடங்களைத் தயாரிக்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. மேலிருந்து எடுத்த படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு சாலை, குளம், ஆறு என்று கோடு போடுவார். மூன்று வருடம் முன்பு தெற்குக் கடற்கரை வேலைக்கு வந்தபோது, புன்னையாற்றை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அப்பா பிறந்த ஊரின் ஆறு அது. மொத்தமே முப்பத்தெட்டு கிலோமீட்டர். ஒரு பெரிய குளம் நிரம்பி வழியும் மறுகாலாகப் புறப்பட்டு, இரண்டு தடுப்பணை தாண்டி, தென்னந்தோப்புகளுக்குள் நுழைந்து, பழைய உப்புக் கிடங்கை உரசிக்கொண்டு கடலுக்கு வரும். வந்தும் உள்ளே போக முடியாது. வருடத்தில் பத்து மாதம் அலை மணலைக் கொட்டி வாயை அடைத்துவிடும். அந்த மணல்மேட்டைப் பொழி என்பார்கள். ஒரு காலத்தில் ஆற்றின் வாய் இன்னும் வடக்கே இருந்தது. ஒரு புயல் அதைத் தெற்கே தள்ளிவிட்டது. தோணி கட்டிய கல்தூண்கள் இன்றும் வயலுக்கு நடுவில் நிற்கின்றன.

மழை பெய்து ஆறு நிரம்பினால் வீடுகள் மூழ்கும். அப்போது கடற்கரைக்காரர்கள் மண்வெட்டியோடு இறங்கிப் பொழியை வெட்டிவிடுவார்கள். பக்கத்தில் கம்பு நட்டு சிவப்புத் துணி கட்டுவார்கள். காலையில் ஒரு முழ அகலத்தில் தொடங்கும் வெட்டு, மாலைக்குள் கரையை அடியோடு அரித்து விழுங்கிவிடும். சில சமயம் கம்பையும் சேர்த்து.

இதெல்லாம் ஏனோக்குக்குத் தெரியும். ஆனால் அவர் திரையில் இருந்தது ஏப்ரல் மாதத்துப் படம். பொழி காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது. சின்ன வயதில் லீவுக்குப் போகும்போதெல்லாம் அதன் மேல் ஓடி அக்கரைக்குப் போன ஞாபகம். அந்தச் சந்தோஷத்தில் கரைக்குக் கரை ஒரு புள்ளிக்கோடு போட்டார். புள்ளிக்கோடு என்றால் நடைபாதை.

போன நவம்பரில், தோழிகளோடு கன்னியாகுமரிக்குப் போன பிளெசி, டாடியின் ஆற்றைப் பார்க்கத் தனியாகப் பஸ் ஏறினாள். நாலே முக்காலுக்குப் போன் வந்தது.

"டாடி, நீங்க போட்ட ரோட்லதான் வர்றேன். நடுவுல தண்ணி ஓடுது."

"நிறையவா?"

"நக்கோ டாடி, அவ்வளவு இல்ல, முழங்கால்தான்."

"அப்போ பயப்படாம வா. அங்க பாதை இருக்கு."

அன்று காலையில்தான் பொழியை வெட்டியிருந்தார்கள். உடல் கிடைக்கவில்லை.

"எந்தப் பாவி அங்க பாதை போட்டானோ," என்று ஜெயசுந்தரி ஒரு வருடமாக அழுதாள். அது தன் கோடு என்று மகளிடம் மட்டுமே சொல்லியிருந்த ஏனோக், ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒன்பது நாள் முன்பு திருத்தத்துக்காக அந்தப் படம் அவரிடமே திரும்பி வந்தது. புள்ளிக்கோட்டை அழிக்கப் போனார். கேட்டருகே முதல் தடம் விழுந்தது அன்றுதான். அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கோட்டின் மேல்தான் அவள் வீட்டுக்கு நடந்து வருகிறாள். அழித்துவிட்டால் எப்படி வருவாள்?

இன்று ஆறு மணிக்குள் படத்தை அனுப்பியாக வேண்டும். தெற்கே மழை பிடித்துவிட்டது.

"சுந்தரி, இங்க வா." லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். புள்ளிக்கோட்டைத் தொட்டுக் காட்டினார். "அந்தப் பாவி நாந்தான்."

அவள் திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தார். அடித்திருந்தால் தேவலை.

"இன்னும் அழிக்கலையா?" என்றாள்.

"அழிச்சா அவ வரமாட்டா சுந்தரி."

ஹாலில் ஈரக்கால் ஒன்று தரையில் பட்டுப் பெயரும் சத்தம்.

இன்னொன்று.

இருவரும் திரும்பவில்லை. வாடை முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. ஜெயசுந்தரியின் தோளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

"நாளைக்கு இன்னொருத்தி பெத்த பிள்ளை அதுல நடந்தா?" அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "என் தங்கமே, அம்மாவை மன்னிச்சிரு."

அவளேதான் அழிக்கும் பட்டனை அழுத்தினாள்.

கோடு போய்விட்டது. வாடையும் போய்விட்டது. திரும்பிப் பார்த்தபோது தரை காய்ந்திருந்தது. மகளை இரண்டாம் தடவை பறிகொடுத்த இருவரும் அந்த வெறுந்தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்கள்.

மறுநாள் நாலே முக்காலுக்கு வாசலில் ஒன்றும் இல்லை. மனசு கேட்காமல் ஏனோக் படத்தைத் திறந்தார்.

பாதை இல்லை. ஆனால் பொழியின் நடுவில் ஒரு புள்ளி நின்றது.

ஒரே ஒரு புள்ளி. அழுத்திப் பார்த்தார், அழியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கடல் பக்கமாக ஒரு நூலளவு நகர்ந்தது.

"சுந்தரி!"

ஓடிவந்தவள், கூட்டத்தில் பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோல, புள்ளியின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டாள். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

எடுத்தபோது புள்ளி அங்கே இல்லை. அவள் விரல் நுனியில் ஈரமணல் ஒட்டியிருந்தது.