இன்ட்டு போட்ட சாமான்

மரம் செதுக்குகிற வாய்ச்சியின் கைப்பிடியில் அவள் போட்டிருந்தது இன்ட்டு. இப்போது அங்கே டிக் இருந்தது.

எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். சாக்பீஸ் கோடு. நீளமான வால், வால் நுனியில் ஒரு சின்னச் சுழி. இப்படி அழகாக டிக் போட அவளுக்கு ஜென்மத்தில் வராது. மழை வலுக்கிறதே என்று கொல்லைக்கு ஓடிப் பலகைகளின் மேல் தார்ப்பாயை இழுத்துவிட்டு வந்தாள், பத்து நிமிஷம் ஆகியிருக்குமா? பட்டறையில் வேறு ஆள் கிடையாது. கைதவறி நாமே போட்டிருப்போம் என்று கட்டைவிரலால் அழித்துவிட்டு, முன்னைவிடப் பெரிதாக ஒரு இன்ட்டு போட்டு, வெளியே போகிற சாமான் பெட்டிக்குள் எறிந்தாள்.

நாளைக் காலையில் இழைக்கிற மெஷின் வந்து இறங்குகிறது. அதற்கு இடம் வேண்டும். சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் கைச்சாமான்களில் எது இருக்கும், எது போகும் என்று இன்றைக்கே முடிவு பண்ணியாக வேண்டும். பழைய இரும்புக்காரர் ஆறு மணிக்கு வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். பெரிய இழைப்புளிகள் மூன்றும் போகும், அந்த வேலையை மெஷின் பார்த்துக்கொள்ளும். மூலை செதுக்குகிற உளிகள் இருக்கும். குமிழி செத்துப்போன ரசமட்டம் எதற்கு? துளை போடுகிற, பல் தேய்ந்த கைத்துரப்பணம் எதற்கு? இன்ட்டு, இன்ட்டு.

இந்தக் குறி போடுகிற வழக்கம் மட்டும் மாமனாருடையது. வருஷக் கடைசியில் மனுஷன் ஒவ்வொன்றாக இறக்கி, கைப்பிடியை மேஜையில் இரண்டு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். கெட்டியாகச் சத்தம் வந்தால் டிக். உள்ளே விரிசல் கேட்டால் இன்ட்டு. இன்ட்டு விழுந்தது அன்று சாயங்காலமே வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும், அழுதாலும் சரி, காலில் விழுந்தாலும் சரி. சாமானோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அவள் மருமகளாக வந்த அன்றைக்கே தோள் எலும்பில் இரண்டு தட்டுத் தட்டி, "பார்க்கலாம்" என்றவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷனுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மகனின் கையையும் விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். "இது இனிமே ஆகாது" என்றார். கையைச் சொன்னாரா, மகனையே சொன்னாரா? அவளுக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. மறுநாள் காலையில் யாரையும் கேட்காமல் பட்டறைக்குள் நுழைந்து உளியை எடுத்தாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி புருஷன் சொல்லிக்கொடுத்தான், அவள் வேலையைக் கற்றுக்கொண்டாள். மாமனார் எட்டு மாசத்துக்கு முன்னால் சாகும்வரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் ஒன்றும் ஏங்கிப்போகவில்லை.

"ஏம்மா, சுத்தம் பண்ற வேகத்துல என்னையும் பெட்டியில போட்டுடாத!" முன்னறையிலிருந்து புருஷன் கத்தினான்.

"உங்களைத் தூக்கினா இரும்புக்காரர் இடுப்பு ஒடிஞ்சிடும். பேசாம இருங்க."

அவன் சிரித்தான். "அந்தச் சின்ன ரம்பத்தை மட்டும் வெச்சுக்கோ. கரண்ட் போச்சுன்னா உன் மெஷினெல்லாம் வெறும் பொம்மை."

அதுவும் சரிதான். ரம்பத்தை இறக்கினாள். டிக் போடச் சாக்பீஸை வைத்தவள் நின்றாள். ஏற்கெனவே ஒரு டிக் இருந்தது, வால் நுனியில் சுழியோடு. பக்கத்திலேயே தன்னுடையதையும் போட்டு மாட்டினாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

மணி ஐந்தரைதான், ஆனால் மழை இருட்டு பட்டறைக்குள் நிறைந்துவிட்டது. தகரக் கூரையில் மழை ஓயாமல் கொட்டியது, ஈர மரத்தின் புளித்த வாடையும் துருவின் வாடையும் எங்கிருந்தோ மாமனார் போட்டுவந்த மூக்குப்பொடியின் காரமும் ஒன்றாக மூக்கில் ஏறின. கொல்லை அறையில் எமர்ஜென்சி லைட்டைத் தேடி, அது எரியாமல் சண்டித்தனம் பண்ணி, இரண்டு அறை அறைந்து எரியவைத்துக்கொண்டு திரும்பினாள்.

பெட்டியின் மேலே இருந்த மூன்று இழைப்புளிகளிலும் டிக். மேஜைமேல் இருந்த அவளுடைய புது எலக்ட்ரிக் டிரில்லில் இன்ட்டு.

லைட்டைத் தரைக்கு இறக்கினாள். மரத்தூளில் சக்கரத் தடம். முன்னறையிலிருந்து வந்து, பெட்டியைச் சுற்றித் திரும்பிப் போயிருந்தது.

"ஏங்க, இங்க வந்தீங்களா? விளையாட இதுவா நேரம்?"

"நானா? நான் தூங்கிட்டேனேம்மா." குரலில் தூக்கம் இருந்தது. பிறகு, "என் மடியில ஏன் இவ்வளவு மரத்தூள்?"

அவள் மறுபடி தடத்தைப் பார்த்தாள். இடது கையால் மட்டும் உருட்டுவதால் அவன் நாற்காலி எப்போதும் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். வாசற்படியில் எத்தனை தடவை இடித்திருக்கிறான். இந்தத் தடம் இடப்பக்கம் வளைந்திருந்தது.

இடப்பக்கம். வலது கையால் உருட்டியதுபோல.

பயத்துக்கு மேலே கோபம் ஏறியது. கோபம்தான் அவளுக்குப் பழக்கம்.

"மாமா!" என்றாள் சத்தமாக. "செத்து எட்டு மாசம் ஆச்சு. இன்னும் என்ன அதிகாரம்? பட்டறை என்னோடது. போடறதும் எடுக்கறதும் என் இஷ்டம். கேட்டுக்கிட்டீங்களா?"

இழைப்புளி மூன்றிலும் இன்ட்டு போட்டாள். வாய்ச்சியில் மறுபடியும், அரத்தில், பிடி ஆடுகிற சுத்தியலில். சாக்பீஸ் உடைந்தது, துண்டை வைத்துப் போட்டாள். மூடியைச் சாத்தி நாலு மூலையிலும் ஆணி அறைந்தாள். பிறகு மூச்சு வாங்க நின்று கேட்டாள்.

மழை மட்டும்தான். அப்பாடா.

டொக். டொக்.

முன்னறையிலிருந்து.

லைட்டோடு ஓடினாள். புருஷன் நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு வருஷமாக அவள் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, நகம் வெட்டி, "ஒரே ஒரு தடவை பிடிங்க" என்று தன் விரலைக் கொடுத்துக் கொடுத்து ஏமாந்த அந்த வலது கை, முட்டி மடக்கி அவன் நெஞ்சில் தட்டிக்கொண்டிருந்தது.

டொக். டொக். நிறுத்தியது. காதைக் கொடுத்துக் கேட்பதுபோல் நின்றது.

"நான் இல்லம்மா," என்றான். "அது."

விரல்கள் விரிந்தன. உள்ளே சாக்பீஸ். சட்டைமேல், இதயத்துக்கு நேராக, நிதானமாக ஒரு கோடு இழுத்தது. குறுக்கே இன்னொன்று.

அவள் பாய்ந்து சட்டையைத் தேய்த்தாள். முந்தானையால், எச்சிலால். போகவில்லை. அவனுடைய நல்ல கை அந்தக் கையை அமுக்கிப் பார்த்துத் தோற்றது. அதன் மணிக்கட்டைப் பிடித்தாள். ஐஸ். அது அவள் பிடியை உதறியது. அவ்வளவு பலம். மேலே வந்து அவள் தோள் எலும்பில் தட்டியது.

டொக். டொக்.

இருபது வருஷத்துக்கு முந்தைய அதே தட்டு.

"அழைச்சிட்டுப் போறாரும்மா," என்று அவன் அழுதான். "சாயங்காலத்துக்குள்ள போகணுமாம். அப்பா உள்ளே சொல்லிக்கிட்டே இருக்காரு."

"யாரு போகணும்னு நான்தான் சொல்லணும்." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எனக்கு நீங்க வேணும். முழுசா இல்லைன்னாலும் வேணும்."

அவன் அவளைப் பார்த்தான். புரிந்துகொண்டான். கண்ணை மூடி, மெதுவாகத் தலையாட்டினான்.

அவள் தன் துண்டுச் சாக்பீஸை எடுத்தாள். அந்தக் கையை முழங்காலால் நாற்காலியின் கைக்கட்டையோடு அழுத்தினாள். இரண்டு தட்டு. காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு முழங்கைக்குக் கீழே, அழுத்தி, ஒரு இன்ட்டு போட்டாள்.

பட்டறைப் பக்கம் வண்டிச் சத்தம். பெட்டி தரையில் இழுபடும் சத்தம்.

"அக்கா, பெட்டியை ஏத்தியாச்சு!" இரும்புக்காரர் கூப்பிட்டார். "வேற ஏதாச்சும் இருக்கா?"

அவள் பட்டறைக்குப் போய், இரண்டு டிக் போட்ட சின்ன ரம்பத்தை ஆணியிலிருந்து எடுத்தாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு இருக்கு," என்றாள். "ஒரு பத்து நிமிஷம் நில்லுங்க."

திரும்பி வந்தபோது சாக்பீஸ் தரையில் கிடந்தது. அந்தக் கை, ஐந்து விரலாலும், நாற்காலியின் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.