மேசைக்கு மேல் வந்த விரல்கள்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மழை மாலையொன்றில் சண்டையில் சந்தித்த இருவரின் கதை சொல்கிறேன். நல்லபடியாகத்தான் முடியும்... பயப்படாதீர்கள்.

லாண்டரிக் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. பள்ளி விட்டதும் பிள்ளைகள் அங்கே கணக்கும் இங்கிலீஷும் படிக்க வருவார்கள். அவரவர் தாள், அவரவர் வேகம். தடுமாறும் பிள்ளையின் பக்கத்தில் மட்டும் டீச்சர் குனிவாள்.

அன்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவன் ஒரு லிஃப்ட் மெக்கானிக். சட்டையெல்லாம் ஈரம். கையில், போன வாரம் அங்கே சேர்ந்த அக்கா மகளின் கணக்குத் தாள். அவளும் பின்னாலேயே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"அஞ்சாங்கிளாஸ் பொண்ணுக்கு ஒண்ணாங்கிளாஸ் கூட்டல் குடுத்திருக்கீங்க. எங்க வாண்டு என்ன மக்குப் பொண்ணா?"

டீச்சர் நிமிர்ந்தாள். அந்தக் கண்கள்... கோபத்திலும் குளிர்ச்சி மாறாத கண்களை அவன் அதுவரை கண்டதில்லை.

"படிப்படியாத்தான் ஏறணும் சார்."

"நான் லிஃப்ட் மெக்கானிக்."

சிரிப்பை உதட்டிலேயே மடக்கிக்கொண்டாள்.

"நாளையிலேர்ந்து இவ வர மாட்டா. தெரிஞ்சவங்க பார்த்தா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். கணக்கு பீரியடுன்னாலே வயித்துவலின்னு சுருண்டு படுத்துக்கிறாளே, அது தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். அதைச் சொல்லி அக்கா அழுததும் தெரியும். கையிலிருந்த தாளை மெல்ல மடித்தான்.

"மழை விடுற வரைக்கும் அந்த பெஞ்சுல உக்காந்து பாருங்க. அப்புறமும் கூட்டிட்டுப் போகணும்னா, நான் தடுக்கல."

சொல்லிவிட்டாளே தவிர, அவள் கண் கதவுப் பக்கமே போனது. இப்படிக் கோபத்தில் கூட்டிப் போன பிள்ளைகள் யாரும் திரும்பி வந்ததில்லை...

அவன் பார்த்தான். வாண்டு மேசைக்கு அடியில் விரல் விட்டு எண்ணினாள். அடுத்த வரியிலும் அப்படியே. அதற்கடுத்த வரியில் விரல்கள் மெல்லத் தயங்கி நின்றன... கை மேலே வந்து தாளைப் பிடித்துக்கொண்டது. உதடு அசையவில்லை. பென்சில் மட்டும் ஓடியது.

"மாமா... எண்ணாமலே வருது," என்றாள், கனவில் பறந்தவள் போல.

அவனுக்கு மெய் சிலிர்த்தது. ஒரு குழந்தை பிறப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் போல ஆனான். திரும்பினால், டீச்சரின் கண்களும் நிறைந்திருந்தன. எத்தனை பிள்ளைகளிடம் இதைப் பார்த்திருப்பாள்... இன்னும் அவளுக்குப் பழகவில்லை.

அங்கேதான் விழுந்தான், பாவம்.

மழை விட்டது. அவன் எழுந்திருக்கவில்லை.

"தப்பா பேசிட்டேங்க. நாளைக்கும் கூட்டிட்டு வரேன்."

மாதங்கள் போயின. வாண்டு பெருக்கலுக்கு வந்துவிட்டாள். இங்கிலீஷ் கதைகளையும் திக்காமல் வாசித்தாள். மாமன்காரன் மட்டும் அதே பெஞ்சில்.

"நான்தான் தனியாவே வந்துடுவேனே மாமா. நீ எதுக்கு தினம் வர்றே?"

அறையிலிருந்த அத்தனை பென்சில்களும் நின்றன. டீச்சரின் முகம் சிவந்தது.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் இறங்கிய பிறகு அவன் தொண்டையைச் செருமினான்.

"அவ கேட்டதுக்கு பதில் சொல்லட்டுமா?"

"ம்..."

"உங்களைப் பார்க்கத்தான். அவளுக்குப் புரிஞ்சப்போ அவ முகத்தைப் பார்த்தேன். அப்புறம் உங்க முகத்தைப் பார்த்தேன்... அதுக்கப்புறம் வேற எதுவும் மனசுல நிக்கல."

அவள் தாள்களை அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடியும் அடுக்கினாள்.

"எனக்கும்தான்... நீங்க வராத அன்னைக்கு நானே தப்புத் தப்பா திருத்துறேன். உங்க அக்காவை வீட்டுக்கு வந்து பேசச் சொல்லுங்க. எங்கப்பா உங்களைவிடக் கோபக்காரர், அதையும் சொல்லி வைங்க."

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயமில்லாமல் பாடம் வரட்டும், கண்ணுகளா. அதைப் பார்த்து மலைத்து நிற்கிற மனசு பெரியவர்களுக்கு வாய்க்கட்டும். வீடு நிறையச் சிரித்து வாழுங்கள்.